இருட்டாக வந்த மலைப்படம்: முதலில் க்ராப், அப்புறம் வெளிச்சம்

மலைக்குப் போய் ஆசையாக எடுத்த படம் இருட்டாக வந்திருந்தால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: பிரைட்னஸ் ஸ்லைடரைப் பிடித்து வலது பக்கம் இழுப்பது. கொஞ்சம் இழுத்தால் மரம் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் வானம் வெளுக்கிறது, அதற்கும் மேலே போனால் வானமும் இல்லை மரமும் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல். கடைசியில் "கேமரா சரியில்லை" என்று பழியை அதன் மேல் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். கேமரா பாவம். இருட்டில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இன்னொன்று, நிறையப் படங்களில் வெளிச்சத்தை ஏற்றுவதற்கு முன்பே, வெட்ட வேண்டியதை வெட்டினாலே பாதி இருட்டு குறைந்துவிடும். அதனால் அறிகுறி எதுவாக இருந்தாலும் நான் கை வைப்பது முதலில் க்ராப்பில், அதாவது ஓரங்களை வெட்டுவதில்தான்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது, ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், அதில் 9ஆவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். அங்கே நின்று கீழே பார்த்தால் ஆழியாறு நீர்த்தேக்கம் மொத்தமாகத் தெரியும். சாயங்காலம், மழை மேகம், பின்னால் வெளிச்சம். படத்தின் மேல்பாதி வெளிறிய வானம், நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக மலை அடுக்கு, அதற்குக் கீழே தகடு மாதிரி மின்னும் தண்ணீர், இடது பக்கம் வெறும் கருப்புச் சரிவு, வலது மூலையில் கறுத்துக் கிடக்கும் இன்னொரு சரிவு. அந்தச் சரிவில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஒரு பஸ் ஏறுகிறது, ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அது பஸ் என்று தெரியும். ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்), 6000 × 4000 பிக்சல், அதாவது 24 மெகாபிக்சல். அந்த இடத்துக்குப் போன யாரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும்.

ஸ்லைடர் பெயர்களை அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் இருக்கிறபடி சொல்கிறேன். போனில் ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்களுக்கும், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ரா தெரபி பயன்படுத்துபவர்களுக்கும் பெயர்தான் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

எடிட்டில் இறங்கும் முன் திரையைப் பாருங்கள். இரவில் கண் வலிக்காமல் இருக்க மஞ்சள் ஒளி மோட் போட்டிருப்பீர்கள், அதை அணையுங்கள். போனின் ஆட்டோ பிரைட்னஸையும் அணைத்துவிட்டு நடுவில் வையுங்கள். வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து எடிட் செய்தால் நல்ல படம்கூட இருட்டாகத் தெரியும், நீங்களும் ஏற்றிக்கொண்டே போவீர்கள். இரண்டாவது, ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை, நடுவில் உள்ள மேடுகள் அந்தந்த வெளிச்சத்தில் எவ்வளவு பிக்சல் இருக்கிறது என்று காட்டும். கண் ஏமாறும், திரை ஏமாற்றும், இது ஏமாற்றாது. கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பிரித்துச் சொல்வதும் இதுதான்.

வானம் பளிச்சென்று இருக்கிறது, நிலம் மட்டும் கருப்பு

பெரும்பாலும் இதுதான் வரும். ஹிஸ்டோகிராமில் இடது பக்கம் ஒரு மேடு, வலது பக்கம் ஒரு மேடு, நடுவில் பள்ளம்.

காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். காட்சியில் உள்ள வெளிச்சத்தையெல்லாம் சராசரி பார்த்து, அதை ஒரு நடுத்தரச் சாம்பலுக்கு, அதாவது தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பலுக்கு, கொண்டுவரப் பார்ப்பதுதான் அதன் வேலை. வானம் பாதிப் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் சராசரி ஏறிவிடுகிறது, மீட்டர் உடனே வெளிச்சத்தைக் குறைக்கிறது, ஏற்கெனவே நிழலில் கிடந்த சரிவு இன்னும் கீழே போய்விடுகிறது. நம் கண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான், பக்கத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை இருந்தால் அதே சாம்பல் நமக்கு இன்னும் கருப்பாகத் தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் உள்ளங்கையால் திரையில் வானத்தை மறைத்துக்கொண்டு மலையை மட்டும் பாருங்கள். சில விநாடிகளில் மரம், பாறை, ரோடு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். படத்தில் ஒரு ஸ்லைடரைக்கூட நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள்.

அதனால்தான் க்ராப் முதலில். ஆழியாறு படத்தில் மேலே 1000 பிக்சலை வெட்டினால் 6000 × 3000 மிஞ்சும், சரியாக 2:1. வானம் ஒரு பட்டையாகச் சுருங்கி, மலை அடுக்கும் தண்ணீரும் படத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வெட்டிய பிறகு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், வலது மேடு சின்னதாகியிருக்கும். இனி எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று நீங்கள் எடுக்கும் முடிவும் சரியாக இருக்கும், வெட்டப்போகும் வானத்தைக் காப்பாற்றுவதற்காக மலையைப் பட்டினி போட வேண்டியதில்லை. ஆனால் வானத்தை முழுக்க வெட்டிவிடாதீர்கள். மலை முகட்டுக்கு மேலே கொஞ்சமாவது காற்று வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

அப்புறம் ஸ்லைடர். முதலில் வெளிச்சமான பகுதிகளை மட்டும் மாற்றும் ஹைலைட்ஸைக் கீழே இறக்குங்கள், −50 வாக்கில். பிறகு மொத்த வெளிச்சத்தை மாற்றும் எக்ஸ்போஷர் +0.6. பிறகு இருண்ட பகுதிகளை மட்டும் மாற்றும் ஷேடோஸ் +35. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: வானத்தை முதலில் அடக்கிவிட்டால் எக்ஸ்போஷரை ஏற்ற இடம் கிடைக்கும், ஷேடோஸை +100 வரை தள்ள வேண்டிய அவசியமே வராது. இதற்குப் பிறகும் சரிவு கருப்பாகவே இருந்தால் அதற்கு மட்டும் ஒரு மாஸ்க் (மாற்றம் அந்த இடத்தில் மட்டும் விழும்படி செய்யும் தேர்வு) போட்டு இன்னும் +0.4 கொடுங்கள். கீழிருந்து மேலாக இழுக்கும் லீனியர் கிரேடியன்ட் போதும், முகட்டைத் தொடும் இடத்தில் அது கரைந்துவிட வேண்டும். ஸ்னாப்சீட்டில் இதே வேலையைச் செலக்டிவ் டூல் செய்யும்: சரிவின் மேல் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைப் பெரிதாக்கி, பக்கவாட்டில் விரலை நகர்த்தினால் அங்கே மட்டும் வெளிச்சம் ஏறும். நிறம் ஒத்த பகுதியைத்தான் அது பிடிக்கும் என்பதால் பக்கத்து வானத்தில் பெரும்பாலும் கை வைக்காது.

எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் படத்துக்கு வேறு வரும். வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலை முகட்டில் வெள்ளைக் கோடு ஓடுகிறது

மேலே சொன்னதை அளவுக்கு மீறிச் செய்ததன் விளைவு. ஷேடோஸ், விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டி, ஸ்னாப்சீட்டில் எச்டிஆர் ஸ்கேப், இவை எல்லாமே பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. கருப்பு மலையும் வெள்ளை வானமும் சந்திக்கும் இடத்தில் அந்தக் கணக்கு தடுமாறி ஒரு ஒளிவட்டம் போட்டுவிடும். சின்னத் திரையில் தெரியாது. 100 சதவீதம் பெரிதாக்கி, முகட்டின் ஓரமாகவே இடமிருந்து வலம் ஒரு முறை போய்ப் பாருங்கள். கோடு தெரிந்தால் கிளாரிட்டியைப் பாதியாக்குங்கள், ஷேடோஸைக் குறைத்து அந்த வெளிச்சத்தை மாஸ்க்கில் கொடுங்கள், மாஸ்க்கின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மெதுவாகக் கரைகிறதா என்றும் பாருங்கள். ஆட்டோ ஸ்கை மாஸ்க் போடும்போது முகட்டில் தனியாக நிற்கும் மரங்களின் கிளைகளுக்கு நடுவே இது நிச்சயம் வரும், அங்கே பிரஷ் எடுத்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

படம் முழுக்க ஒரே மாதிரி மந்தமான இருட்டு

ஹிஸ்டோகிராம் மொத்தமும் இடது பக்கம் ஒதுங்கிக் கிடக்கும், வலது மூன்றில் ஒரு பங்கில் ஒன்றுமே இருக்காது. மேகமூட்டத்தில் காட்டுக்குள் எடுத்த படம், கேமராவில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸில் வைத்துவிட்டு மறந்துபோன படம் எல்லாம் இந்த வகை. இது எளிய கேஸ். வெளிச்சம் சமமாகத்தான் விழுந்திருக்கிறது, மொத்தமாகக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், தேவைப்பட்டால் ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அப்புறம் ஒயிட்ஸ் ஸ்லைடர். கணினி லைட்ரூமில் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு அதை இழுத்தால் திரை கருப்பாகிவிடும், எங்கே வெள்ளை தீய்ந்துபோகிறதோ அங்கே மட்டும் புள்ளிகள் தோன்றும். முதல் புள்ளி தோன்றியதும் நிறுத்தி ஒரு இழை பின்னால் வாருங்கள். பிளாக்ஸையும் அதே மாதிரி, எதிர்ப்பக்கமாக. இந்த இரண்டு முனைகளையும் சரியாக நட்டுவிட்டால் மந்தம் போய்விடும், பல சமயம் கான்ட்ராஸ்ட் ஸ்லைடரைத் தொடவே வேண்டியிருக்காது.

இதே வகையில் இன்னொன்று, தூரத்து மலை எல்லாம் வெளிறிய நீலத் திரைக்குப் பின்னால் இருப்பது. ஆழியாறு படத்தில் சமவெளிப் பக்கம் இப்படித்தான் இருக்கும். டீஹேஸை இழுக்கத் தோன்றும், இழுங்கள், ஆனால் அது திரையை விலக்கும்போது படத்தை இன்னும் இருட்டாக்கும், நிறத்தையும் ஏற்றும். +15க்கு மேல் போனால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டிச் சரிக்கட்ட வேண்டும். என்னைக் கேட்டால் தூரத்து மலையின் புகைமூட்டத்தை முழுக்க எடுக்கவே கூடாது. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட வெளிறிக்கொண்டே போவதால்தான் அது தூரம் என்று தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் எல்லா மலையும் ஒரே சுவரில் ஒட்டியது போல நிற்கும்.

ஏற்றியதும் புள்ளி புள்ளியாக, பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள்

நாய்ஸ். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், புரிந்துகொள்ளாமல் கெடுத்துக்கொள்வதும் இதில்தான்.

ஒளி சென்சாரில் சீராக விழுவதில்லை, மழைத்துளி மாதிரி முன்னே பின்னே விழுகிறது. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. இருட்டுப் பகுதியில் 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். நீங்கள் அந்த இருட்டை மேலே தூக்கும்போது சரிவு மட்டும் வருவதில்லை, அந்த 10 சதவீதமும் கூடவே ஏறி வருகிறது. அது போக சென்சாரின் மின்சுற்று சேர்க்கும் இரைச்சல் வேறு.

ஃபைல் ஜேபெக்காக இருந்தால் இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ரா ஃபைலில் 16,384. இருட்டில் ஒரு மரக்கூட்டம் முழுவதும் ஜேபெக்கின் பத்துப் பன்னிரண்டு படிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தால், அதை விரித்துத் தூக்கும்போது படிக்கும் படிக்கும் நடுவில் இடைவெளி விழுந்து திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதற்கு மேல் ஃபைலைச் சின்னதாக்க ஜேபெக் கட்டம் கட்டமாகச் சுருக்கி வைத்திருப்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் கேட்கவே வேண்டாம், எடுத்தவரிடம் அசலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கலர் நாய்ஸ், பச்சை ஊதாத் திட்டு. இதைத் தயங்காமல் எடுத்துவிடலாம், ரா ஃபைலுக்கு லைட்ரூம் தானாகவே 25 வைத்திருக்கும், மோசமான படத்துக்கு 40, 50 வரை போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. லூமினன்ஸ் நாய்ஸ், அதாவது நிறமில்லாத மணல் மாதிரிப் புள்ளி, அதில் கை அடக்கமாக இருக்க வேண்டும். அதிகமாக வழித்தால் இலை, புல், பாறைச் சொரசொரப்பு எல்லாம் மெழுகாகிவிடும், மெழுகு மரத்தைவிட மணல் மரம் எவ்வளவோ மேல். புதிய லைட்ரூமில் உள்ள ஏஐ டீநாய்ஸ் இதில் உண்மையாகவே நன்றாக வேலை செய்கிறது, ஆனால் தூரத்து மரங்களில் இல்லாத இலைகளை நெய்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் க்ராப்பின் மறுபக்கம். நீள அகலம் இரண்டையும் பாதியாக வெட்டினால் 24 மெகாபிக்சல் 6 ஆகிறது. அந்த 6ஐ அதே அளவு திரையில் காட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். மாறாக, முழுப் படத்தையும் நீள அகலத்தில் பாதியாகச் சுருக்கினால் நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகும், நாய்ஸ் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே மேலே கீழே பட்டையாக வெட்டுவதில் பயமில்லை, நான்கு பக்கமும் உள்ளே வந்து அந்தப் பஸ்ஸை மட்டும் எடுப்பேன் என்றால் இருட்டுப் படத்தில் அது நடக்காது. அந்த ஆசைக்கு எடுக்கும்போதே லென்ஸை மாற்றியிருக்க வேண்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 100இல் எடுத்த படமா 3200இல் எடுத்ததா என்று பார்த்துவிட்டு எவ்வளவு ஆழமாக வெட்டலாம் என்று முடிவுசெய்யுங்கள்.

வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் படம் சாம்பல் பூத்துப்போய்விட்டது

ஷேடோஸை மட்டும் ஏற்றியிருப்பீர்கள். இருட்டெல்லாம் நடுத்தரத்துக்கு வந்து நெரிசலாகி, உண்மையான கருப்பு எங்குமே இல்லாமல் போயிருக்கும். எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் இதன் வேர். பிளாக்ஸை −10 முதல் −20 வரை இறக்குங்கள், ஹிஸ்டோகிராமின் இடது முனை ஓரத்தைத் தொட வேண்டும். போதவில்லையென்றால் கர்வ் (இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வளைகோடு) எடுத்து இடது கால் பங்கில் ஒரு புள்ளியைக் கீழே, நடுவுக்குச் சற்று மேலே ஒரு புள்ளியைக் கொஞ்சம் மேலே, மெல்லிய எஸ் வடிவம்.

ஆழியாறு படத்தில் நான் பாறை இடுக்குகளையும், சரிவின் அடியில் இருக்கும் புதரையும் கருப்பாகவே விட்டுவிடுவேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் கருப்பு இருப்பதால்தான் தண்ணீர் மின்னுவதாகத் தெரிகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படம் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. அதை அவர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப பிரின்ட் போட்டார், போகப்போக வானத்தை இன்னும் கருப்பாக்கிக்கொண்டே போனார், பிந்தைய பிரின்ட்களில் மேல் வானம் ஏறக்குறைய முழுக் கருப்பு. டார்க்ரூமில் வெளிச்சத்தை மறைத்து ஓர் இடத்தை வெளுக்க வைப்பதை டாட்ஜிங் என்பார்கள், கூடுதலாக வெளிச்சம் காட்டிக் கறுக்க வைப்பதை பர்னிங் என்பார்கள். இன்று நாம் போடும் மாஸ்க்கும் பிரஷ்ஷும் அதே வேலைதான், ரசாயன வாசனை இல்லை அவ்வளவே. இருட்டுப் படத்தை எடிட் செய்கிறவர்கள் டாட்ஜ் மட்டும் செய்கிறார்கள், பர்ன் செய்ய மறந்துவிடுகிறார்கள்.

நிழல் நீலமாக, தேயிலை நியான் பச்சையாக

நிழலில் இருக்கும் இடத்துக்கு வெளிச்சம் நேராகச் சூரியனிடமிருந்து வருவதில்லை, வானத்திலிருந்து வருகிறது, அதனால் அது நீலம். இருட்டாக இருந்தவரை தெரியாது, தூக்கியதும் வெளியே வரும். முழுப் படத்துக்கும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் வானம் மஞ்சளாகிவிடும். சரிவுக்குப் போட்ட அதே மாஸ்க்கில் டெம்பரேச்சரை மட்டும் கொஞ்சம் சூடான பக்கம் நகர்த்துங்கள், +8, +10 போதும். ஆனால் சூரியன் மறைந்த பிறகு எடுத்த படம் என்றால் அந்த நீலம் உண்மையானது, அதை மஞ்சளாக்கினால் நேரமே மாறிப்போகும், விட்டுவிடுங்கள்.

பச்சை வேறு கதை. வால்பாறைப் படங்களில் தேயிலை இல்லாமல் இருக்காது, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றும்போது அந்தப் பச்சையின் அடர்த்தியும் கூடவே ஏறும். மேலே சாச்சுரேஷனையும் இழுத்துவிட்டால் பிளாஸ்டிக் புல்தரைதான். நிறம் தனித்தனியாக மாற்றும் பேனலில் பச்சையை எடுத்து சாச்சுரேஷனை −15 வாக்கில் இறக்குங்கள், ஹியூவை (நிறச்சாயலை) மஞ்சள் பக்கம் ஒரு இழை தள்ளுங்கள். அதோடு மஞ்சளின் லூமினன்ஸைக் கொஞ்சம் ஏற்றினால் கொழுந்து இலைகள் மட்டும் தனியாக எழுந்து நிற்கும், முற்றிய இலையும் நிழல் மரமும் பின்னால் ஒதுங்கிவிடும். இது சின்ன வேலை, இருட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எக்ஸ்போஷர் ஏற்றுவதைவிட இதில்தான் அதிகப் பலன் கிடைக்கும்.

எல்லாம் சரிதான், ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை

இது வெளிச்சக் கோளாறு இல்லை, க்ராப் கோளாறு. படத்தைக் கண்ணிமைக்கும் நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், என்ன நினைவிருக்கிறது? ஆழியாறு படத்தில் எனக்கு நினைவில் நிற்பது தண்ணீரின் மினுக்கமும், கீழே வலது பக்கம் அந்த ஹெட்லைட் புள்ளியும்தான். அப்படியானால் படம் அந்த இரண்டைப் பற்றியது, மற்றதெல்லாம் இவற்றுக்கு வழிவிட வேண்டும்.

பெரிதாக்கிப் பார்த்தால் அந்த மூலையில் நிறைய இருக்கிறது. பஸ் இருப்பது வளைவு முடிந்து ரோடு நேராகும் இடத்தில், ஹெட்லைட் விழுந்து எதிர்ச் சுவரின் கருங்கல் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது, சுவருக்கு இந்தப் பக்கம் ரோட்டின் ஈரம் ஒரு கோடாக மின்னுகிறது. அந்த ஈரக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் கண் அடுத்த வளைவுக்குப் போய், அங்கிருந்து நீர்த்தேக்கத்தில் இறங்கிவிடும். வழி ஏற்கெனவே படத்திலேயே இருக்கிறது. இடது பக்கம் பாதியளவுக்குக் கிடக்கும் வெறும் கருப்புச் சரிவுதான் அதை அமுக்குகிறது. அதனால் 2:1 அகலப் படத்தைத் தவிர இன்னொரு வெர்ஷன் செய்து பாருங்கள்: 4:5 நிற்கும் வாக்கில், இடதுபுறக் கருப்பை முழுக்க வெட்டி, உயரத்தை முழுதாக வைத்தால் 3200 × 4000 கிடைக்கும். போனில் பார்ப்பவர்களுக்கு இதுதான் திரையை நிரப்பும். பஸ் கீழ் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில், தண்ணீர் நடுவில். இதில் வானம் திரும்பவும் கூடுதலாக வந்துவிடும், அதை மேலிருந்து ஒரு கிரேடியன்ட் போட்டு −0.5 இறக்கிக்கொள்ளலாம். ஹெட்லைட் சுவரில் விழுந்த இடத்துக்கு மட்டும் சின்ன வட்ட மாஸ்க், +0.3, கொஞ்சம் சூடு. அதற்கு மேல் வேண்டாம், பஸ்ஸுக்குத் தீப்பிடித்தது போல் ஆகிவிடும்.

க்ராப்பில் இருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடுங்கள். நீர்மட்டம் சாய்ந்திருந்தால் நிமிர்த்த வேண்டும், அதற்கு விலை உண்டு: 3:2 படத்தை 3 டிகிரி நிமிர்த்தினால் பரப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஓரத்தில் போய்விடும். எனவே முதலில் நிமிர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். மலைச்சரிவை வைத்து நிமிர்த்தாதீர்கள், சரிவு சாய்ந்துதான் இருக்கும். தண்ணீரின் தூரத்துக் கரை, கட்டடச் சுவர், மின்கம்பம் இவற்றை நம்பலாம். நான்கு ஓரத்தையும் ஒரு சுற்று பாருங்கள், பாதி வெட்டுப்பட்ட கிளை, சுற்றுலா வந்தவர் கை, கைப்பிடிச் சுவரின் முனை ஏதாவது எட்டிப்பார்க்கும். இருட்டுப் படத்தில் ஓரத்தில் உள்ள சின்ன வெளிச்சப் புள்ளிகூடக் கண்ணை வெளியே இழுத்துப்போகும். வெட்டியும் அது போகாவிட்டால் ஹீலிங் டூலால் அழித்துவிடுங்கள்.

எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் வரவில்லை

ஹிஸ்டோகிராம் இடது சுவரில் முட்டி நிமிர்ந்து நிற்கிறதா? அப்படியானால் அங்கே தகவலே பதிவாகவில்லை. எந்த ஸ்லைடரும் கொண்டுவராது, ஏஐ கொண்டுவந்தால் அது கற்பனை. வலது சுவரில் முட்டிய வெள்ளை வானத்துக்கும் இதே தீர்ப்பு. வெள்ளையாகவே போய்விட்ட வானத்தை முடிந்தவரை வெட்டுங்கள். வேறு வானத்தை ஒட்டவைக்கும் வசதி பல ஆப்களில் வந்துவிட்டது, எனக்கு அதில் விருப்பமில்லை. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும் மலைக்கு மேலே வலப்பக்கம் சூரியன் மறையும் வானத்தை ஒட்டினால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ தவறு என்று கண்டுபிடித்துவிடுவார்.

தகவல் இல்லாத கருப்பை என்ன செய்யலாம் என்றால், அதையே வடிவமாக எடுத்துக்கொள்ளலாம். பிளாக்ஸை இன்னும் இறக்கி முழு நிழலுருவமாக்குங்கள். முகட்டின் கோடு நன்றாக இருந்தால், தனி மரமோ வரையாடோ நின்றால், அந்தக் கோட்டை வைத்து க்ராப் செய்யுங்கள்; இப்போது கருப்பு அதிகம் வேண்டாம், கீழே ஒரு கால் பங்கு போதும். கருப்புவெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும், நிறத்திட்டு நாய்ஸ் எல்லாம் அதில் வெறும் ஃபிலிம் மணலாகத் தெரியும். இரண்டும் சரிப்படவில்லையென்றால் படத்தை விட்டுவிடுங்கள்.

கணினியில் நன்றாக இருக்கிறது, போனிலும் பிரின்ட்டிலும் இருட்டு

போனுக்கு அனுப்பியதும் நிறம் செத்துப்போகிறது என்றால் ஃபைல் நிறங்களைக் குறிக்கும் முறையான கலர் ஸ்பேஸைப் பாருங்கள். அடோபி ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட் செய்திருப்பீர்கள், அதைச் சரியாகப் படிக்காத ஆப்பில் மங்கலாகத்தான் தெரியும். எஸ்ஆர்ஜிபியில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் தீர்ந்தது.

பிரின்ட் இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் உங்கள் திரை அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருப்பதுதான். திரை தானே ஒளிவிடும், காகிதம் அறையின் வெளிச்சத்தைத் திருப்பித்தான் அனுப்பும். பிரின்ட்டுக்கு எடிட் செய்பவர்கள் மானிட்டரை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைப்பார்கள், கடையிலிருந்து வந்தபடியே ஓடும் மானிட்டர் பொதுவாக அதைவிட அதிகப் பளிச்சில் இருக்கும். அளக்கும் கருவி இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளை அறை விளக்கில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டின் வெள்ளையும் ஒத்துப்போகும் வரை மானிட்டரைக் குறையுங்கள். அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 × 2480 பிக்சல் வேண்டும். 2:1 வெட்டு 6000 அகலம் இருப்பதால் தாராளம், 4:5 வெட்டுக்கும் கவலையில்லை.

பெரிய பிரின்ட் கொடுக்கும் முன் 4 × 6 அளவில் மூன்று பிரதி போடுங்கள்: இருப்பது இருக்கிறபடி ஒன்று, எக்ஸ்போஷர் +0.3 ஏற்றி ஒன்று, +0.6 ஏற்றி ஒன்று. பின்னால் பேனாவில் குறித்து வையுங்கள், இல்லையென்றால் எது எது என்று குழம்பிவிடும். படம் எந்தச் சுவரில் மாட்டப்போகிறதோ அங்கேயே, இரவு விளக்கில் ஒரு முறையும் பகலில் ஒரு முறையும் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபைலைக் கொடுக்கும்போது "ஆட்டோ கரெக்ஷன் போடாதீங்க" என்று பிரின்ட் போடும் லேபில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் மெஷின் சராசரி பார்த்து, நீங்கள் வேண்டுமென்றே விட்ட கருப்பையெல்லாம் தூக்கிச் சாம்பலாக்கிக் கொடுத்துவிடும்.